நிக்கொலாசா திரும்ப அழைத்த வண்டிகள்

எங்கள் தெருவில் வண்டிச் சாமான் விற்கிற எல்லோருக்கும் வாய் நீளம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் கண்ணாடி விற்கிறவள். முன் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, பின்னால் வருகிறவனைப் பார்க்கிற கண்ணாடி. கூவாவிட்டால் இந்த வியாபாரம் நடக்காது. ஆனால் எனக்கு ஒட்டின கடையில் இருக்கிற நிக்கொலாசா தார்க்கி கூவி நான் கேட்டதே இல்லை. அகலப் பாவாடையைப் பரப்பிக்கொண்டு, தொப்பியை நெற்றிவரை இறக்கிக்கொண்டு, கையில் செல்போனோடு உட்கார்ந்திருப்பாள். வந்து நிற்கிறவனை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

"நம்பர்?" என்பாள்.

"என் போன் நம்பரா, கசெரா? இதுக்காகத்தானே இத்தனை நாளா காத்துக் கெடந்தேன்" என்று இளவட்டங்கள் பல்லைக் காட்டுவார்கள். விற்கிறவளை எங்கள் ஊரில் கசெரா என்று செல்லமாகத்தான் கூப்பிடுவார்கள்.

"உன் நம்பர வெச்சு நான் ஊறுகாயா போடப் போறேன்? சேஸிஸ் நம்பரச் சொல்லு."

அவன் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டுவான். அவள் வாங்க மாட்டாள். "பேப்பரப் பாத்து எழுதினியா, இரும்பப் பாத்து எழுதினியா?"

"ஆர்.சி. பேப்பர்ல இருக்கறதுதானே அக்கா?"

"பேப்பர்ல இருக்கறது ஆபீஸ்காரன் கண்ணுக்குத் தெரிஞ்சது. சீட்டத் தூக்கு, சேறத் தொட, இரும்புல குத்தியிருக்கறத போட்டோ எடுத்துட்டு வா."

முணுமுணுத்துக்கொண்டே போவான். திரும்பி வந்ததும் அந்த எழுத்தையும் எண்ணையும் செல்போனில் தட்டுவாள். வண்டியின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் படம் படமாக விரியும். கையைப் பின்னால் நீட்டி ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைப்பாள். அது பொருந்தும். மலை உச்சியில் இருக்கிற எங்கள் எல் ஆல்ட்டோவில் ஓடுகிற மினிபஸ்களில் பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து பழசாக வந்தவை. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே மூஞ்சி. ஆனால் ஒன்றின் பிரேக் சிலிண்டர் அதன் கூடப்பிறந்ததுக்குக்கூடப் பொருந்தாது. மற்ற கடைகளில் சாமானைக் கண்ணால் பார்த்து, "இது மாதிரிதான் இருக்கும், போட்டுப் பாரு" என்று தள்ளிவிடுவார்கள். நிக்கொலாசா நம்பர் இல்லாமல் ஒரு திருகாணிகூடத் தந்ததில்லை. எனக்கே அது சில சமயம் எரிச்சலாக இருக்கும். கொஞ்சம் சிரித்துப் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பேன்.

நம்பருக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் கேட்பாள். "ஸ்டீயரிங்க மாத்தினது யாரு?"

ஜப்பான்காரனுக்கு ஸ்டீயரிங் வலது பக்கம், நமக்கு இடது பக்கம். அரசாங்கம் தடை போடுகிறவரை அந்த வண்டிகள் கப்பலில் வந்து இறங்கி, மலையேறி இங்கே வந்ததும், பட்டறைகளில் டாஷ்போர்டைப் பிளந்து ஸ்டீயரிங்கையும் மிதிகளையும் இந்தப் பக்கம் கொண்டுவருவார்கள். நம்பருக்கு இது தெரியாது. நம்பரைப் பொறுத்தவரை வண்டி இன்னும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. அதனால்தான் அந்தக் கேள்வி. பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றே. "உன் வீட்டுக்காரர்தான் அக்கா. வேற யாரு?"

செனோபியோ கை வைத்த வண்டி என்றால் எங்கள் ஊரில் அதற்குத் தனி மரியாதை. ஆள் குள்ளம், தோள் அகலம், சதா சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து நிக்கொலாசா அவனுக்கு விளக்குப் பிடித்தவள். அவன் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடப்பான், அவள் விளக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள், விளக்கு தானாக அவன் கை போகிற இடத்துக்குப் போகும். பட்டறையில் வேலை குறைந்த பிறகுதான் அவள் என் பக்கத்தில் கடை போட்டாள். அவன் மார்வலியில் போனபோது ஓட்டுநர் சங்கமே தெருவில் நின்றது. எலும்புக்கூடு மாதிரி இருந்த கிழ வேன்கள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு கல்லறைவரை வந்தன.

நவம்பரில், எல்லாப் புனிதர் நாளில், அவனுக்குப் படையல் மேசை போட்டோம். ரொட்டியில் ஆள் பொம்மை, ரொட்டியில் ஏணி, ரொட்டியில் குதிரை, கரும்பு, தாளோடு வெங்காயம், அவனுக்குப் பிடித்த வறுத்த பன்றி. முதல் நாள் உச்சிக்கு ஆவி வந்து உட்காரும், மறுநாள் உச்சிக்குக் கிளம்பும். வந்து ஜெபம் சொல்கிறவருக்கெல்லாம் ரொட்டி. முதல் வருஷம் வரிசை தெருமுனைவரை நின்றது, ரொட்டி போதவில்லை. இரண்டாம் வருஷமும் அப்படித்தான். மூன்றாவது வருஷத்தோடு சரி. அதற்கு மேல் மேசை கிடையாது, அன்றைக்கு வழியனுப்பினால் ஆவி ஒரேயடியாகப் போய்ச் சேரும். அந்தக் கடைசி மேசைக்கு ஜெபம் சொல்ல ஆள் வரவில்லையென்றால் செத்தவன் பாரத்தோடு நடுவழியில் நிற்பான் என்பது எங்கள் நம்பிக்கை. நிக்கொலாசா அந்த மேசைக்கு ஜனவரியிலிருந்தே மாவு சேர்க்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த ஜனவரியில்தான் கிளெமென்தே வந்து கத்தினான்.

கிளெமென்தே கீழே லா பாஸுக்கு இறங்குகிற தடத்தில் ஓட்டுகிறவன். பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போகிறது என்று வந்தான். நிக்கொலாசா நம்பர் கேட்டாள், இரும்பிலிருந்து எடுத்த போட்டோவைக் காட்டினான், சிலிண்டர் கொடுத்தாள். மறுநாளே திரும்பி வந்தான். பொருந்தியது, ஆனால் கால் இன்னும் உள்ளே போகிறது. காற்று புகுந்திருக்கும் என்றாள். காற்றை எடுத்துவிட்டு மறுபடியும் வந்தான். இந்தத் தடவை முகம் வெளுத்திருந்தது.

"என்ன சாமான் குடுத்தே அக்கா நீ? இறக்கத்துல மிதிச்சா தரையத் தொடுது காலு! உள்ள பூரா சந்தைக்குப் போற பொம்பளைங்க, மூட்டை மூட்டையா சுன்யோக் கிழங்கு வத்தல். கைபிரேக்க இழுத்து ஓரத்துத் திண்டுல கொண்டுபோய் ஒரசித்தான் நிறுத்தினேன். நீ நம்பர் நம்பர்னு உயிர எடுப்பியே, எங்க போச்சு உன் நம்பரு?"

தெரு பூரா வேடிக்கை பார்த்தது. நிக்கொலாசா நம்பரை மறுபடி தட்டினாள். நம்பர் சரி. பெட்டியில் இருந்ததும் சரி. அவள் கடையை விட்டு எழுந்து நான் பார்த்தது அபூர்வம். அன்றைக்கு எழுந்தாள். "ஓர்தென்சியா, கடையப் பாத்துக்க" என்று என்னிடம் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தாள். கிளெமென்தேயின் வண்டிக்குள் ஏறி, பாவாடையைச் சுருட்டிக் கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

கடையாவது ஒன்றாவது, நானும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். விஷயம் இதுதான். ஸ்டீயரிங்கையும் மிதியையும் இடது பக்கம் கொண்டுவந்தாலும் பிரேக் சிலிண்டர் வலது பக்கத்திலேயே இருந்துவிடும். மிதிக்கிற கால் ஒரு பக்கம், பிடிக்கிற சிலிண்டர் இன்னொரு பக்கம். இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒரு கம்பி போடுவார்கள். அந்தக் கம்பி ஜப்பான்காரன் படத்தில் இல்லை, பட்டறைக்காரன் செய்தது. நிக்கொலாசா செல்போன் வெளிச்சத்தை அதன் மேல் அடித்தபடி, "மிதி" என்றாள். கிளெமென்தே மிதித்தான். கம்பியின் பற்றவைத்த இடம் ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டது. விரிசலில் துரு ஏறியிருந்தது.

அது கம்பியே இல்லை, குழாய்.

அவள் அடியில் கிடந்தபடியே வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நான்தான், "என்னடி, தூங்கிட்டியா?" என்றேன். எழுந்து வந்தபோது கன்னத்தில் கிரீஸ். என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள். "இது அவர் வேலை. இந்தக் குழாய அவர் வளைக்கறப்போ நான்தான் விளக்குப் பிடிச்சேன்."

மற்ற எல்லா வண்டிக்கும் செனோபியோ கெட்டிக் கம்பிதான் போட்டான். ஆனால் நம்பர் 'ஜேவி முப்பத்தாறு' என்று தொடங்குகிற வண்டிகளில் மட்டும் நடுவில் ஹீட்டர் பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும், கம்பி நேராகப் போகாது. கெட்டிக் கம்பியை அந்த வளைவுக்கு வளைக்க அன்றைக்கு அவனிடம் கருவி இல்லை. குழாயை வளைத்தான். "தாங்குமா?" என்று இவள் கேட்டாளாம். "ஆனை ஏறி மிதிச்சாலும் தாங்கும்" என்று சிரித்தானாம்.

"சரி, ஒண்ணு போச்சு. மாத்திக் குடு, முடிஞ்சுது" என்றேன்.

"ஒண்ணா? ரெண்டு வருஷம் அந்த ஜாதி வண்டிதான் வந்துச்சு. எத்தனை செஞ்சோம்னு எனக்கே தெரியாது. எல்லாம் இந்த இறக்கத்துலதான் ஏறி இறங்குது, ஓர்தென்சியா."

நானும் தினமும் அந்த வண்டிகளில்தான் இறங்குகிறேன்.

முதலில் மகனிடம் போனாள். ரெம்பெர்த்தோ அப்பாவின் பட்டறையை நடத்துகிறவன். வாசல் பலகையில் அப்பா பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவன் கேட்டுவிட்டு ஸ்பானரைக் கீழே போட்டான்.

"அம்மா, அப்ப ஏழு பேர் போற வண்டிம்மா அது. இவனுங்க சீட்டச் சேத்து வெல்டு வெச்சு பதினாலு பேர ஏத்தறானுங்க. அதுக்கு அப்பா என்ன பண்ணுவாரு?"

"அது எனக்குத் தெரியுது. உள்ள ஒக்காந்திருக்கறவளுக்குத் தெரியுமா?"

"ஒவ்வொருத்தனா வருவான், நான் சத்தம் போடாம மாத்திக் குடுக்கறேன். ஊரக் கூட்டிச் சொல்லணுமா? அப்பா பேரச் சொல்லித்தான் என் வாசலுக்கு வண்டி வருது."

"பேரு வண்டிய நிறுத்தாதுடா."

"கடைசி மேசை வருதும்மா. இதச் சொல்லிட்டு நீ யாரக் கூப்பிடுவே? யார் வந்து ஜெபம் சொல்லுவா?"

பையன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. திரும்பி வருகிற வழியில் ஆப்பி வாங்கிக் கொடுத்தேன். சுடச்சுட அந்த ஊதாக் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாள். செத்தவனுக்கு வாய் இல்லை, தன் பக்கத்தை எடுத்துச் சொல்ல முடியாது. அவன் சார்பில் பேச வேண்டியவளே அவன் மேல் குற்றம் சொல்லப் போகிறாள். புருஷனைக் காட்டிக் கொடுப்பதா, ஊரைக் கைவிடுவதா என்று யாரிடமும் கேட்க முடியாமல் அவள் நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணிலேயே இருக்கிறது.

சங்கக் கூட்டத்தில் சொன்னாள். செக்ரட்டரி ஃபெர்மின், செனோபியோவின் உயிர்த் தோழன், ரெம்பெர்த்தோவுக்கு ஞானத்தகப்பன். பேசி முடிக்கவே விடவில்லை.

"தங்கச்சி, செனோபியோ போட்ட ஸ்டீயரிங்ல சம்பாதிச்சுத்தான் எங்க புள்ளைங்க படிச்சாங்க. நம்பர வெச்சு வியாபாரம் பண்றவ நீ, உனக்கு ஒரு சாமான் விக்கணும்னா வேற வழி பாரு. செத்தவன் எலும்பத் தோண்டாதே."

கூட்டம் கை தட்டியது. அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வண்டியாவது காட்டினாத்தான் நம்புவாங்க" என்றாள். கிளெமென்தேயின் வண்டி இல்லையா என்றேன். அவனை அவள் விலைக்கு வாங்கிவிட்டாள் என்று அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டதாம்.

எல்லா வண்டியும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற நாள் வருஷத்தில் ஒன்றுதான், கார்னிவல் திருவிழா முடிகிற செவ்வாய். அந்த வருஷம் அது மார்ச்சில் வந்தது. அன்றைக்கு வண்டிகளைக் கழுவி வரிசையாக நிறுத்தி, பூவும் வண்ணக் காகித நாடாவும் சுற்றி, நான்கு சக்கரத்துக்கும் பீர் ஊற்றி, பட்டாசு வெடித்துக் கும்பிடுவார்கள். அன்றைக்கு வண்டியைப் பார்த்துக் குறை சொன்னால் வருஷம் பூரா குறைதான். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நிக்கொலாசா அன்றைக்குத்தான் போனாள். புதுப் பாவாடை, புதுச் சால்வை, கையில் ஒரு டார்ச்.

"அடி பைத்தியமே, மங்களகரமான நாள்ல" என்று நான் கையைப் பிடித்தேன்.

"நாளைக்கு எல்லாரும் இறக்கத்துல இருப்பாங்க" என்று உதறிவிட்டாள்.

வரிசையின் தலைப்பிலிருந்து ஆரம்பித்தாள். "நம்பர் சொல்லு."

"குடிக்க வந்தவகிட்ட நம்பரா? மொதல்ல ஒரு கிளாஸ் பிடி கசெரா!"

"குடிக்கறேன். நம்பர் சொல்லு."

நிஜமாகவே குடித்தாள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வாய் மண்ணுக்கு ஊற்றிவிட்டு ஒரு வாய் குடித்தாள். மறுத்தால் அவமரியாதை. ஜேவி முப்பத்தாறு இல்லையென்றால் அடுத்த வண்டி. முதன்முதலில் ஜேவி முப்பத்தாறு என்று சொன்ன வண்டிக்காரன் கதவை மறித்துக்கொண்டு நின்றான். "இன்னிக்கா? என் வண்டிக்கு நாக்கால விஷம் வெக்க வந்தியா?"

"படுத்துப் பாக்கறேன். ஒண்ணும் இல்லேன்னா இந்த வரிசை முன்னால மண்டி போட்டு மன்னிப்புக் கேக்கறேன்."

அது அவனுக்குப் பிடித்தது. எல்லோரும் கூடிவிட்டார்கள், பாண்டு வாசிக்கிறவர்கள்கூட ஊதுவதை நிறுத்திவிட்டு வந்தார்கள். அவள் தொப்பி மறுபடி என் கையில். காகித நாடாவுக்கும் பூவுக்கும் நடுவே ஏறி டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தாள். பாதி பீர் அவள் ஜாக்கெட்டில்தான். "மிதி" என்றாள். அவன் மிதித்தான். அவள் டார்ச்சை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவனே படுத்துப் பார்த்தான். எழுந்தபோது போதை இறங்கியிருந்தது. பின் சீட்டில் அவன் பெண்சாதியும் மூன்று குழந்தைகளும் புதுத்துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கீழே இறக்கினான்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தாமே சீட்டைத் தூக்கி, ஈரத்துணியால் துடைத்து, இரும்பில் இருக்கிற நம்பரை உரக்கப் படித்தார்கள். ஜேவி முப்பத்தாறு என்றால் அவளைக் கூப்பிட்டார்கள். எல்லாமே உடைந்திருக்கவில்லை. சில நன்றாகவே இருந்தன. ஆனால் குழாய் குழாய்தான். கழற்ற வேண்டும் என்றாள். ஃபெர்மினின் வண்டி வரிசையின் கடைசியில் நின்றது. அதுவும் ஜேவி முப்பத்தாறு என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவன் கை வெச்சத இன்னொருத்தன் கழட்டறதுக்கு நான் உயிரோட இருக்கறவரைக்கும் விட மாட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவரையும் முழுசாகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

ரெம்பெர்த்தோவின் பட்டறைக்கு மறுநாளிலிருந்து வண்டிகள் வந்தன. இப்போது அவனிடம் வளைக்கிற கருவி இருந்தது. கெட்டிக் கம்பியை வளைத்துப் பற்றவைத்து மாட்டினான். ஒருத்தனையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் கம்பி வாங்கிக் கொண்டுபோய் வாசலில் வைப்பாள், அவன் எடுத்துக்கொண்டு உள்ளே போவான். வாசல் பலகையையும் கழற்றிவிட்டான். ஓட்டுநர்கள் வண்டியைச் சரிசெய்துகொண்டார்கள், ஆனால் இவளைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நல்லது செய்தவள்மேல் நன்றி இருந்தாலும், திருவிழாவைக் கெடுத்தவள்மேல் ஒரு கசப்பு இருக்கத்தான் செய்யும். செனோபியோவைப் பற்றி டீக்கடையில் முன்போலக் கதை சொல்வது நின்றுபோனது. அவனுடைய சிரிப்பைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. அது எனக்கே பொறுக்கவில்லை, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "நீ வருத்தப்படறியா?"

"அவர் நல்ல மனுஷன், ஓர்தென்சியா. இருந்திருந்தா அவரே போயிருப்பாரு. எனக்கு அது தெரியும். ஆனா ஊருக்கு நான் எப்படிக் காட்டறது?" என்றாள். அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். சவ அடக்கத்தன்று அழாதவள், சாமான் பெட்டிகளுக்கு நடுவில் சால்வை முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நவம்பர் வந்தது. மேசை போட்டோம். ரொட்டியை முந்தின வருஷங்களைவிட அதிகமாகவே சுட்டாள். முதல் நாள் பிற்பகலில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்தன, ரொட்டிக்காக. இரண்டாம் நாள் காலையில் கிளெமென்தே பயணிகளோடு வந்து வாசலில் வண்டியை நிறுத்தினான். "ஆளுக்கொரு ஜெபம் சொன்னாத்தான் வண்டி எடுப்பேன்" என்று மிரட்டி எல்லோரையும் இறக்கிவிட்டான். கூடைக்காரிகள் திட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள், மேசையைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முழங்காலிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் இல்லை. ரொட்டி மலையாகக் கிடந்தது. ரெம்பெர்த்தோ கறுப்புச் சட்டையில் மூலையில் நின்றான், அம்மாவைப் பார்க்கவில்லை. உச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

வாசலில் ஒரு மினிபஸ் நின்றது. ஃபெர்மின் கறுப்புக் கோட்டோடு இறங்கினார். பின்னால் சங்கத்துப் பெரியவர்கள், ஓட்டுநர்கள், அவரவர் வண்டியில். தெருவே அடைந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, செனோபியோ பாரம் இல்லாமல் போய்ச் சேருவான் என்று நினைத்தேன்.

ஃபெர்மின் தொப்பியைக் கழற்றி, மேசை முன்னால் வந்து, ஜெபத்துக்கு வாயைத் திறந்தார். நிக்கொலாசா குறுக்கே வந்து நின்றாள்.

"வண்டில கம்பி மாத்திட்டீங்களா அண்ணே?"

"தங்கச்சி, இது அதுக்கான நேரமா?"

"மாத்திட்டீங்களா?"

அவர் குனிந்து கையிலிருந்த தொப்பியைத் திருப்பினார்.

"அப்போ உங்க ஜெபம் வேண்டாம். சாவியக் குடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, உச்சி ஆகுதுடி" என்று காதில் சொன்னேன். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். ஃபெர்மின் வாசலைப் பார்த்தார். திரும்பிப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன், அவர் போயிருந்தால் பின்னால் வந்த அத்தனை பேரும் போயிருப்பார்கள். அவர் மேசைமேல் வைத்திருந்த செனோபியோவின் படத்தைப் பார்த்தார். சட்டைப்பைக்குக் கை போக வெகுநேரம் ஆயிற்று. சாவியை அவள் கையில் வைக்காமல், மேசையில் ரொட்டிகளுக்கு நடுவே வைத்தார்.

அதை எடுத்தது ரெம்பெர்த்தோ.

"கம்பி பட்டறையில தயாரா இருக்கு மாமா. உங்க வண்டிக்குன்னு அப்பவே வளைச்சு வெச்சுட்டேன்" என்றான். பட்டறை எதிர்ப்பக்கம்தான். கறுப்புச் சட்டையோடு போய் வண்டிக்குள் படுத்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, வெளிச்சம் காட்டு."

மார்ச்சுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் ஓடினாள். அந்த வயதில் அந்தப் பாவாடையோடு ஒருத்தி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கோயில் மணி உச்சிக்கு அடித்தபோது அவர்கள் இன்னும் வண்டிக்குள்தான் இருந்தார்கள். யாரும் நகரவில்லை. ஃபெர்மின் மட்டும் மேசையைப் பார்த்து, "கொஞ்சம் பொறு செனோபியோ, உன் வீட்டுக்காரி வேலையா இருக்கா" என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மணி அடித்து ஓய்ந்த பிறகு ரெம்பெர்த்தோ கழற்றின குழாயை எடுத்துக்கொண்டு வந்தான். விரிசல் சுற்றிப் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. ஃபெர்மின் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அன்று காலையில் அந்த வண்டியில்தான் பேரப்பிள்ளைகளைக் கல்லறைக்குக் கூட்டிப் போய்விட்டு வந்திருந்தார். அப்படியே முழங்காலிட்டார். பின்னால் இருந்தவர்களும் முழங்காலிட்டார்கள். வாசலைத் தாண்டித் தெருவிலும் ஜெபம் கேட்டது.

எல்லாம் முடிந்ததும் நிக்கொலாசா கிரீஸ் கையோடு படத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கிளம்புங்க. இனிமே ஒண்ணும் பாக்கி இல்ல" என்றாள்.

பிறகு ரொட்டியை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தோம். வந்தவர்களுக்குப் போதவில்லை.